வாங்காத படங்கள்

இசட் என்ற எழுத்தின் மேல் சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி. நேற்று இல்லை. நேற்று சாயங்காலம் வரைக்கும் அதைத் தொட்டால் கதவு திறக்கிற மாதிரித் திறந்தது, இன்றைக்குத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிச் சுற்றி நின்று இங்கிலீஷில் நாலு வரி சொல்கிறது, நான் சரி என்று அழுத்துகிறேன், வரி மறைகிறது, குறி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வாரமாய் இந்தக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்தது, புதுசாக மாறிக்கொள்ளட்டுமா, இப்போதா பிறகா என்று. பிறகு, பிறகு என்றுதான் தினமும் தள்ளினேன். நேற்று மட்டும் ஏன் அழுத்தினேன். குழலிக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி மார் கட்டிப்போய் வலித்தது, ரவிக்கை நனைவதற்குள் தெருவைக் கடந்துவிட வேண்டும் என்றிருந்தது, எதை அழுத்தினால் இது அணையுமோ அதை அழுத்தினேன். அவ்வளவுதான். ஒரு விரல். காலையில் திறந்தால் முகமே மாறிப்போயிருக்கிறது, ஓரத்தில் கிடந்த குட்டிப் படங்களெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கின்றன, எழுத்தெல்லாம் இளைத்திருக்கிறது, நம் வீட்டுக்கு யாரோ வெள்ளையடித்துச் சாமானை இடம் மாற்றி வைத்த மாதிரி. அது போகட்டும், பழகிக்கொள்ளலாம். இந்தக் குறிதான். ஞானமுத்து அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் எடுக்கிற படம் எதுவும் இந்த முன்பக்கக் கம்ப்யூட்டரில் தங்குவதில்லை. பரணில் கறுப்பாய் மிட்டாய் டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கிறது, எல்லாம் அதற்குள் போய்விடும், வயர் வழியாக இங்கிருந்தே அதைப் பார்க்கலாம், பார்க்கிற வழிக்குத்தான் இசட் என்று பேர். பெட்டிக்குள் வருஷவாரியாய்க் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘வாங்காதவை’ என்று ஒரு ஃபோல்டர். படம் எடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்கள் அதில் இருக்கிறார்கள். யாரும் அதைத் திறப்பதில்லை. நான் திறப்பேன். தினமும் காலையில் கடையைப் பெருக்கி, ஊதுபத்தி கொளுத்தி, டீ வருவதற்கு முன்னால் திறந்து ஒரே ஒரு படத்தைப் பார்ப்பேன், டீக்காரர் கிளாஸ் மோதுகிற சத்தம் கேட்டதும் மூடிவிடுவேன். அதில் என் மூத்தவள் இருக்கிறாள். உலகத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே படம் அது. அவள் போய் மூன்று வருஷமாகிறது.

இன்றைக்கு டீ வந்து ஆடை படிந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், நெட் வருகிற மோடத்தை அணைத்து நூறு எண்ணிவிட்டுப் போட்டேன், பரணில் விளக்கு எரிகிறதா என்று எக்கிப் பார்த்தேன். நீலமாய் எரிகிறது, மினுங்கவும் செய்கிறது. உயிர் இருக்கிறது, கூப்பிட்டால் மட்டும் பேச மாட்டேன் என்கிறது. அப்படித்தான் டாக்டரம்மாவும் சொன்னார்கள், மூச்சு இருக்கும்மா பார்ப்போம் என்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாள், நானும் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். அந்த நினைப்புக்குப் போகக் கூடாது. காலையிலேயே அதற்குப் போனால் பகல் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டும். மறுபடியும் இசட்டைத் தொட்டேன். வட்டம். வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் “ஆள் இருக்கா” என்று ஒரு குரல். ஐம்பது வயதிருக்கும், தாடி எடுக்கவில்லை, சட்டையில் எலுமிச்சை வாடை, மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. “அண்ணாச்சி இல்லையா தாயி?” “கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருக்காவ. பன்னெண்டுக்கு வந்திருவாவ” என்று கீபோர்டைப் பார்த்துச் சொன்னேன். புது ஆளிடம் முகம் பார்த்துப் பேச இன்னும் எனக்கு வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சளாய் ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்து நீவிவிட்டார். எங்கள் கடைச் சீட்டுதான். “மூணு வருசத்துக்கு முந்தி எம் பொண்டாட்டி இங்க வந்து படம் எடுத்திருக்கா போல. எனக்குத் தெரியாது. டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில இது கெடந்துது. படத்தை வாங்கலை போலருக்கு, வாங்கியிருந்தா சீட்டை நீங்க கிழிச்சிருப்பீங்கல்லா. இருக்குமா?” “அவங்க வரலையாண்ணே” என்று கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். “நாளைக்குப் பதினாறு” என்றார்.

சீட்டில் என் கையெழுத்து. வெள்ளத்தாய், 4409, பாஸ்போர்ட் சைஸ். ‘வெ’க்குக் கொம்பு போட்டு அது கோணலாகி மறுபடி மேலேயே எழுதியிருக்கிறேன், அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. எட்டாவதோடு நின்றவளுக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிது, அண்ணாச்சி முதலில் படம் வெட்ட வைத்தார், பிறகு சீட்டு எழுத, பிறகு இந்தக் கீபோர்டு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து பள்ளிக்கூட வரிசையில் சரியாய் வராது, கீபோர்டு வரிசையில்தான் வரும். வெள்ளத்தாயை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூ வைத்திருந்தாள், பூ தெரியக் கூடாது என்றதும் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டாள், சிரிக்காதீங்கக்கா என்றதும் ரொம்பச் சிரித்தாள், சிரித்து அடங்கின கையோடு எடுத்த படம் அது, வாய் மூடியிருக்கும், கண் மட்டும் அடங்கியிருக்காது. காலையில் என் மூத்தவளைத் தேடிப் போகும்போது கொஞ்சம் மேலே அந்தப் பேரைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். போகும்போது என்ன சொன்னாள். நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன் தாயி என்று சொன்னாள். “வேற படம் இல்லையாண்ணே?” “ரேஷன் கார்டுல இருக்கு, எறும்பு தண்டி. மகன் செல்லுல ஒண்ணு இருக்கு, அதுல கையை வச்சு மூஞ்சியை மறைச்சிக்கிட்டா. போட்டோன்னா அப்படி ஒரு கூச்சம். உன்னைய மாதிரித்தான், தரையைப் பாத்தே பேசுவா.” அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “என்னத்துக்கு வந்து எடுத்தாளோ. இனிமே கேக்கவா முடியும்.” ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். படம் கிடைக்காமல் எழுந்திருக்கிற உட்காரல் இல்லை அது.

ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. கரண்ட் ஆபீஸ் நம்பர், ஆல்பம் போடுகிறவர் நம்பர், வைஃபை பாஸ்வேர்ட், இ-மெயில் பாஸ்வேர்ட், கடைக்கு வேண்டிய எல்லாம் அண்ணாச்சி அதில் மார்க்கரால் பெரிசு பெரிசாய் எழுதி வைத்திருப்பார், ரகசியம் என்று ஒன்று இந்தக் கடையில் கிடையாது. அதைப் பார்த்துக் கடையநல்லூர் உதுமானுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் பார்க்கிற பையன், என்னைவிட ரெண்டு வயது இளையவன், அவனிடம் பேசவும் எனக்குக் கூச்சம். சிவப்புக் குறி என்றேன், இங்கிலீஷில் நாலு வரி என்றேன். “ரெண்டு கடையில இதே கூத்துதான் யக்கா நேத்திருந்து. அப்டேட்டை அழுத்திட்டியளா?” “ஆமா.” “நல்லா அழுத்துனிய போங்க. காலையிலேயே அண்ணாச்சிகிட்ட வேற வேலையா பேசுனப்ப இந்தப் பெட்டி பேச்சும் வந்துது. பெட்டியும் பழசாச்சு, பன்னெண்டு மணிக்கு நானே வந்து அதைச் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா அமைச்சுத் தாரேன். அண்ணாச்சி சரின்னுட்டாவ. கல்யாணமெல்லாம் தனி டிஸ்க்ல இருக்காம்ல.” “அழிச்சுன்னா?” “உள்ள இருக்கது பூராம் போயிரும். என்னத்த இருக்கு, பழைய பாஸ்போர்ட் சைஸு, வாங்காதது, அதானே. மூணு வருசமா வாங்காதவன் இனிமேயா வரப்போறான்?” எதிரில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார், சீட்டில் அவர் பேரும் இருந்தது, வெள்ளத்தாய், கணவர் பெயர் சுடலைமுத்து. அவருக்குப் போனில் பேசுவது கேட்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தையிடமா, என் வீட்டுக்காரரிடமா, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது நான் வாங்கப் போன கையைத் தட்டிவிட்டு, பெத்தவ தூக்கக் கூடாது என்று அத்தை வாங்கிக்கொண்டாளே, அவளிடமா. “ஒருத்தவுக வந்திருக்காவ” என்றேன். “வாங்காத படத்தை வாங்க வந்திருக்காவ. நாளைக்குப் பதினாறு. அழிக்க வேண்டாம்.” என் குரல் எனக்கே கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. “அந்தப் படம் வேணும்” என்றேன். “சரிக்கா, சரிக்கா. அப்ப வேற வழி பாப்போம். கையில ஒரு வேலை கெடக்கு, முடிச்சிட்டுப் பத்து நிமிசத்துல கூப்பிடுதேன். அதுவரை எதையும் அழுத்தாம இருங்க.”

எதையும் அழுத்தாமல் இரு. அன்றைக்கே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அத்தை ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போயிருந்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கடைக்குத் தூக்கி வந்தேன். அண்ணாச்சி வெளியே எங்கேயோ. மத்தியானம், தெருவில் ஒரு ஆள் இல்லை, உள்ளறையில் நீலத் திரை தொங்கிக்கொண்டிருந்தது, கேமரா அதன் காலில் நின்றுகொண்டிருந்தது, காலையில் ஒரு குடும்பத்தை எடுத்தபடியே. பிள்ளைக்குப் பத்து மாசம் முடிந்து பதினொன்று நடந்தது, மொட்டைக்கு நாள் குறித்திருந்தார்கள். மொட்டை போடுகிறவரைக்கும் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் அத்தை வீட்டில் கட்டளை, எடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு தேயும், அவர்கூட செல்லில் ஒன்று எடுக்கவில்லை, அம்மா சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. மொட்டை போட்டால் இந்தச் சுருட்டை முடி போய்விடுமே என்றிருந்தது எனக்கு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் வேர்வையில் ஒட்டிக்கொண்டு வளையம் வளையமாய்க் கிடக்கும், அது இருக்கும்போது ஒன்று எடுத்துவிடலாம் என்று. வெல்வெட் ஸ்டூலைப் படுக்கப் போட்டு அதில் சாய்த்து உட்கார வைத்தேன். ஒரு விரல். விளக்கு பளீரென்று அடித்தது, அவள் அழவில்லை, விளக்கு எங்கே போனது என்று மேலே பார்த்தாள், ரெண்டாவதாய் ஒன்று, அதில் என்னைப் பார்த்தாள். ரெண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை அழித்தேன். ஏன் அழித்தேன். ஒன்று போதும் என்று நினைத்தேன், ஒன்றுக்கு மேல் எடுத்தால் பாவம் கூடும் என்று நினைத்தேனோ என்னவோ. பில் போட்ட மாதிரி 4417 என்று ஒரு நம்பர் வைத்து யாரும் திறக்காத ஃபோல்டருக்குள் போட்டேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பத்தாம் நாள் வெட்டு, கை கால் இழுத்தது. அதற்கப்புறம் கண்ணாடி. டாக்டரம்மா மூளையில் காய்ச்சல் என்றார்கள், தெருவில் இன்னும் ரெண்டு பிள்ளைக்கு அதே காய்ச்சல் வந்தது, அவர்கள் பிழைத்தார்கள், அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. நான் சொல்லவில்லை. இன்றுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என் செல்லுக்கு அந்தப் படத்தை மாற்ற எத்தனை நேரம் ஆகும், ஒரு நிமிஷம் ஆகாது, ஆனாலும் அது வீட்டுக்குள் வரக் கூடாது, குழலி இருக்கிற வீட்டுக்குள் வரவே கூடாது. குழலிக்கு இப்போது பத்து மாசம் முடிந்து பதினொன்று நடக்கிறது. அவளுக்கும் சுருட்டை முடிதான். நான் அவளைப் பார்க்கும்போதுகூடச் சிமிட்டிச் சிமிட்டித்தான் பார்க்கிறேன், உற்றுப் பார்த்தால் அதுவும் ஒரு படம் எடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று.

போன் அடித்தது. “யக்கா, விசயம் என்னன்னா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்க பழைய கம்ப்யூட்டர் வெள்ளந்தி. பெட்டி கதவைத் திறந்து போட்டிருந்துச்சு, இவரு பாட்டுக்கு உள்ள போய்ப் படம் பாத்துட்டு வந்துட்டிருந்தாரு. யாரு என்னன்னு கேள்வி கிடையாது. அப்டேட் ஆனதும் புத்தி வந்துட்டு. பூட்டு இல்லாத வீட்டுக்குள்ள நான் போக மாட்டேங்காரு. நாம இப்ப பெட்டிக்கு ஒரு பூட்டு போடணும். ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்ட். அதைச் சொன்னா உள்ள விடும். புரியுதா?” புரிந்தது. இத்தனை காலம் பேரில்லாமல் போய் வந்துகொண்டிருந்திருக்கிறோம். “பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கதைச் சொல்லுங்க.” முன்பக்கத்தில் ஸ்டூல் ஒன்றுதான், அதில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார், “கொஞ்சம் எந்திரிக்கணுமேண்ணே” என்று நான் இழுப்பதற்குள் அவரே எழுந்து அதைப் பரணுக்குக் கீழே போட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டார். “ஏறு தாயி. மூட்டைக்கு ஏணி பிடிச்ச கைதான்.” சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். பரணில் பழைய பிலிம் டப்பாக்களும் பல்லி எச்சமும், நடுவில் பெட்டி, தொட்டால் சூடாய் இருந்தது. காய்ச்சல் நெற்றி மாதிரி என்று நினைத்தேன், நினைத்துவிட்டு நினைக்காத மாதிரிக் கையை எடுத்தேன். வயர் இழுபடாமல் சாய்த்து அடியில் இருந்ததைப் படித்தேன், எழுத்து எழுத்தாய்ச் சொன்னேன், அவன் இன்டர்நெட் பார்க்கிற இடத்தில் நம்பரும் புள்ளியுமாய் ஒன்று அடிக்கச் சொன்னான், இறங்கி வந்து அடித்தேன், பெட்டியின் பக்கம் திறந்தது. எனக்குத் தெரியாது, அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது என்று. ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டு உள்ளே போகச் சொன்னான். “அழிக்கன்னு ஒரு பட்டன் சிவப்புல இருக்கும், அது பக்கமே போகாதிய.” இருந்தது. மவுஸை விட்டுவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அது பக்கத்திலேயே, ரெண்டு விரக்கடை தள்ளி, யூசர் சேர்க்க என்று இன்னொன்று. இதையா அதையா என்று மூன்று தரம் படித்துப் பார்த்து அழுத்தினேன்.

“பேருன்னு கேக்கும், ஸ்டுடியோன்னு போட்டுக்கிடுங்க. கீழ பாஸ்வேர்ட். அதை நீங்களே ஒண்ணு வைங்க, எனக்குச் சொல்ல வேண்டாம். மறந்திராம இருக்க மாதிரி வைங்க. மறந்துட்டியன்னா அப்புறம் சிவப்பு பட்டன்தான்.” மறக்காத ஒன்று. என்ன மறக்காது எனக்கு. கடைப் பேர் வைக்கலாம், போன் நம்பர் வைக்கலாம். கட்டம் வெறுமையாய் இருந்தது, அதற்குள் ஒரு கோடு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது, எனக்காக நின்றுகொண்டிருக்கிற மாதிரி. விரல் தானாய்ப் போனது. அவள் பேரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. பதினாறு முடிந்ததும் அத்தை சொல்லிவிட்டாள், அந்தப் பேரை இனி இந்த வீட்டில் கூப்பிடாதீங்க, கூப்பிட்டா திரும்பி வரும், அடுத்ததைக் கேட்கும் என்று. அவர் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, குளிக்கிறபோதுகூட வாய்க்குள் சொல்வதில்லை. குழலி உண்டானபோது ஒருநாள் தூக்கத்தில் சொல்லியிருக்கிறேன், அவர் எழுப்பித் தண்ணீர் கொடுத்தார், என்ன சொன்னேன் என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார். இப்போது ஏழு எழுத்து. ஒவ்வொன்றையும் அடிக்க அடிக்க அந்த எழுத்து தெரியவில்லை, ஒரு கறுப்புப் புள்ளியாகிக்கொண்டே வந்தது. ஏழு புள்ளி. எனக்குத் தெரியும் அது யார் என்று, வேறு யாருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கிற இவருக்குத் தெரியாது, போனில் இருக்கிற உதுமானுக்குத் தெரியாது. அவளுக்கு இப்படி ஒரு வீடு இருக்கலாம் என்று மூன்று வருஷமாய்த் தோன்றவே இல்லையே எனக்கு. மறுபடியும் ஒருமுறை அடிக்கச் சொன்னது, சரிதானா என்று பார்க்க. மறுபடியும் அடித்தேன். வாய் அசைந்துவிட்டது போலிருக்கிறது, சுடலைமுத்து “என்ன தாயி?” என்றார். “ஒண்ணும் இல்லண்ணே.”

பெட்டியில் எந்த ஃபோல்டரை இந்த ஸ்டுடியோ பார்க்கலாம் என்று கேட்டது, உதுமான் எல்லாவற்றிலும் டிக் போடச் சொன்னான், போட்டேன். பழைய இசட்டை எடுத்துவிட்டுப் புதுசாய் இசட் போடச் சொன்னான், ரெண்டு சாய்வுக்கோடு, நம்பர், இன்னொரு கோடு. வட்டம் சுற்றியது. “பேரு கேக்குதா?” “கேக்குது.” பேர். ஏழு புள்ளி. வட்டம் இன்னும் கொஞ்சம் சுற்றியது, மாரில் பால் குத்தியது, அழுகிற சத்தம் எங்கேயும் கேட்காமலே சுரந்தது, அது யாருக்காகச் சுரந்தது என்று தெரியவில்லை. பிறகு சத்தமே இல்லாமல் திறந்தது. வருஷம் வருஷமாய் மஞ்சள் ஃபோல்டர்கள், கடைசியில் வாங்காதவை. “திறந்துட்டு” என்றேன். “பாத்தியளா. நீங்களே செஞ்சிட்டிய. அண்ணாச்சிகிட்ட சம்பளம் கூடக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு உதுமான் போனை வைத்தான். வாங்காதவையைத் திறந்தேன். புதுக் கம்ப்யூட்டருக்குப் புது வழக்கம், முன்னெல்லாம் பேர்கள்தான் வரிசையாய் வரும், தொட்டால்தான் படம், இப்போது படங்களே பெரிசு பெரிசாய் வந்து நின்றன, திரை முழுக்க முகம், வாங்காமல் போன எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். சுடலைமுத்து என் தோளுக்குப் பின்னால் குனிந்தார். “அந்தா” என்றார். “அந்தா இருக்கா.” விரல் திரையில் படாமல் ஒரு அங்குலம் முன்னால் நின்றது. அந்தக் கண். அவர் மூக்கை உறிஞ்சினார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், துண்டை எடுத்ததும், “சிரிச்சிருக்கா பாரு, கழுத. என்கிட்ட சொல்லாம வந்து சிரிச்சிருக்கா” என்றார். நான் வேறெங்கேயோ பார்க்க வேண்டுமே என்று பார்த்தேன், பார்க்கப் போன இடத்தில் இவள் இருந்தாள், ரெண்டு வரிசை கீழே, நீலத் திரைக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி. அவரும் பார்த்துவிட்டார். “இது யாரு பிள்ளை? இதைக்கூட வாங்காம விட்டுட்டாங்களா?” “தெரியலண்ணே” என்றேன். தெரியலை என்று சொல்லிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். வேகமாய் வெள்ளத்தாயைப் பெரிசாக்கினேன், பின்னால் இருந்ததெல்லாம் மறைந்தது, ஓரம் வெட்டினேன், நெற்றியில் பொட்டு மங்கியிருந்ததைக் கொஞ்சம் திருத்தினேன், பிரிண்டர் முனகிக்கொண்டே அவளை நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே தள்ளியது. கண் வந்தது. மூக்கு வந்தது. மூக்குத்தி வந்தது. அவர் ரெண்டு கையையும் கீழே ஏந்திக்கொண்டு நின்றார்.

பைக் சத்தம் கேட்டது, அண்ணாச்சி கேமராப் பையோடு உள்ளே வந்தார், தோளில் கல்யாண வீட்டுப் பன்னீர் வாடை. “என்ன முப்பிடாதி, உதுமான் போன்ல உன்னைய ஒரே பாராட்டு. நீயே சரி பண்ணிட்டியாம்ல. அழிக்க வேண்டாம்னு அதட்டினியாம். உனக்கு அதட்டல்லாம் வருமா?” சுடலைமுத்துவைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார், படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், “நல்லா வந்திருக்கு. உக்காருங்க, பிரேம் போட்டுத் தாரேன், அரை மணி நேரம்” என்றார். பிறகு மேஜையைத் துழாவி மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். “ஆங், புது பாஸ்வேர்ட் என்ன வச்ச? சொல்லு, அட்டையில எழுதிருவோம். நீ ஒரு நாள் லீவு போட்டா நான் யார் வாசல்ல போய் நிக்க?” எனக்கு அது தோன்றவே இல்லை. நான்தானே வைத்தேன், புள்ளி புள்ளியாய் மறைந்ததே, அது என்னோடது என்றே நினைத்துவிட்டேன், இந்தக் கடையில் எதுவும் அட்டைக்கு வராமல் இருந்ததில்லை என்பதை எப்படி மறந்தேன். மாற்றலாம், மாற்றுகிற வழி உதுமான் சொல்லித்தரவில்லை. பொய் சொல்லலாம், நாளைக்கே இசட் திறக்காது. மார்க்கர் வாடை வந்தது. அண்ணாச்சி அட்டைக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். “எஸ்” என்றேன். எழுதினார். “இ.” “சத்தமா சொல்லு.” “இ. என். பி.” “எல்லாம் சின்ன எழுத்தா, பெரிசா?” “சின்னது.” ஏ. ஜி. ஏ. எழுதிவிட்டுத் தள்ளி நின்று வாசித்தார். “சென்… செண்பகா. செண்பகாவா? யாரு பேரும்மா இது?”

அண்ணாச்சிக்கு அவளைத் தெரியும், இங்கே ரெண்டு தரம் தூக்கி வந்திருக்கிறேன், பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் போன பிறகு ஒரு கேள்வி கேட்காமல் நான் எப்போது வருகிறேனோ அப்போது வரட்டும் என்று இருந்தவர். பேரை அவர் கேட்டதில்லை, கேட்க நேரமும் இல்லாமல் போய்விட்டது. அவர் வாயில் அந்தப் பேர் வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, வாசலில் ஒரு லோடு ஆட்டோ போனது. “எம் மூத்தவ பேரு அண்ணாச்சி” என்றேன். அவர் மார்க்கரின் மூடியைத் தேடினார், கையிலேயே இருந்தது, மெதுவாய் மாட்டினார். ஸ்டூலில் இருந்து சுடலைமுத்து, “அந்த நீலத் திரைப் பிள்ளையா?” என்றார். “ஆமாண்ணே. நான்தான் எடுத்தேன். மொட்டைக்கு முந்தி எடுத்தேன், யாருகிட்டயும் சொல்லலை.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பிரிண்டர் சூடாத்தான் இருக்கு. போட்டுரவா, கையோட கொண்டு போயிரு” என்றார். பெரிசாய் வேண்டாம், உள்ளங்கை அளவு போதும், பர்ஸில் வைக்கலாம், அரிசிப்பானைக்கு அடியில் வைக்கலாம், ஒரு மணிக்கு நான் வீட்டுக்குப் போவேன், கால் சத்தம் கேட்டதும் குழலி தவழ்ந்து வாசற்படிக்கு வந்துவிடுவாள், முடி நெற்றியில் விழும். “இருக்கட்டும் அண்ணாச்சி. சின்னவளுக்கு அடுத்த மாசம் மொட்டை. முடியட்டும். வந்து வாங்கிக்கிடுதேன்.” சுடலைமுத்து கையில் இருந்த மஞ்சள் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “சொன்ன மாதிரி வந்து வாங்கிரு தாயி” என்றார்.